குமாஸ்தா கிளைவின் வாரிசுகள்

ஊத்துக்கோட்டைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போனது தெரியாமலே போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து திருப்பதி போகிற பஸ், செங்குன்றம் தாண்டி, பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் ஓடி ஓர் ஊரில் நிற்குமே... பாதிப் பேர் தூங்கிக் கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் ஜன்னல் வழியாக வெள்ளரிக்காய் பேரம் பேசிக் கொண்டிருப்பார்கள். அந்த ஊர்தான். மொட்டை போடப் போகிற அவசரத்தில் யாரும் இறங்குவதில்லை.

இறங்க வேண்டும் சார். சென்னையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் இவ்வளவு விஷயமுள்ள எல்லை ஊர் வேறு கிடையாது. ஆரணியாறு ஊரை ஒட்டிப் போகிறது. வருஷத்தில் பாதி நாள் மணல், மழைக்காலத்தில் மட்டும் திடீரென்று ரோஷம் வந்த மாப்பிள்ளை மாதிரி சீறும். ஊரைத் தாண்டியதுமே ஆந்திரா. அங்கே சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில் சிவபெருமான் பார்வதி மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிற கோயில். பெருமாள் படுத்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசு. பிரதோஷத்தன்று கூட்டம் தாங்காது. பேலன்ஸ் ஷீட் டாலி ஆன ராத்திரி நானும் அப்படித்தான் படுப்பேன், மடிதான் கிடைப்பதில்லை.

கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற 'ஜீரோ பாயிண்ட்'டும் இங்கேதான். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் நடந்து வந்து, 1996 செப்டம்பரில் முதன்முதலாக எல்லை தாண்டி, பூண்டி ஏரிக்குப் போயிற்று. நீங்கள் சென்னைவாசி என்றால் காலையில் பல் தேய்த்த தண்ணீரில் ஊத்துக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பாஷையும் அப்படித்தான், ரெண்டு ஆற்றுத் தண்ணீர். டீக்கடையில் ஒருத்தர் தமிழில் கேட்டால் இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்வார். சண்டை வந்தால் யாருக்கு எந்தப் பாஷையில் திட்டு நன்றாக வருகிறதோ அந்தப் பாஷை. இதோ பக்கத்தில் இருக்கிற சத்தியவேடு ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நம்மிடம் வந்தபோது, கொடுக்கல் வாங்கல் கணக்கில் அது ஆந்திராவுக்குப் போயிற்று. பற்று, வரவு. பி.காம். படித்தவனுக்கு உடனே புரியும்.

நான் போனது கோயிலுக்கோ கால்வாய்க்கோ இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற நண்பனுக்குத் துணையாக. அவனுடைய அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆற்றோரமாக ஒரு ஏக்கர் சொச்சம் நிலம், ஒரு ஓட்டு வீடு, பாங்கில் கொஞ்சம் பணம். எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது வாரிசுச் சான்றிதழ். இப்போதெல்லாம் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் தட்டிவிடலாம். ஆனாலும் நம் ஆட்களுக்கு ஒரு முறை காகிதத்தில் எழுதிப் பார்த்தால்தான் நம்பிக்கை. மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதும் பெரியவரிடம் போனோம்.

"நைனா பேரு என்ன தம்பி?"

சொன்னான்.

"அம்மா இருக்காங்களா? கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பிங்க ஐயா."

"பொண்ணுங்க?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் சுருட்டப்பள்ளி பக்கமாகப் பார்த்தேன். ஒரு தங்கை இருக்கிறாள். நாயுடுபேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது பவுன், ஒரு பைக், பந்தல், சாப்பாடு எல்லாம் போட்டு அனுப்பியாயிற்று. "அதுக்கு எல்லாம் செஞ்சாச்சுங்க ஐயா..." என்று இழுத்தான்.

பெரியவர் பேனாவை மூடினார். "செஞ்சது செஞ்சது. பொறந்தது பொறந்தது. பொண்ணு பேரை விட்டுட்டு எழுதினா அது வாரிசு மனு இல்ல தம்பி, பொய் மனு. வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தா நாலு தெரு சொல்லும், அந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னு. எழுதட்டுமா, வேணாமா?"

எழுதச் சொன்னான். பெரியவர் அழகான கையெழுத்தில் மகன், மகன், மகள் என்று மூன்று வரி எழுதினார். மூன்று வரிக்கும் ஒரே அளவு இடம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டே, "அந்தக் காலத்துல ராஜா வீட்டுல மட்டும்தான் மூத்தவனுக்கு எல்லாமே. நாம என்ன ராஜாவா?" என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. ஊத்துக்கோட்டைக்கு வடக்கேயும் மேற்கேயும் ஒரு காலத்தில் வரிசையாக ராஜாக்கள்தான். கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, வெங்கடகிரி. பாளையக்காரர்களாக இருந்தவர்களுக்கு 1802-ல் கம்பெனி சர்க்கார், 'வருஷா வருஷம் இவ்வளவு கட்டு, மீதியை நீயே வைத்துக் கொள்' என்று சன்னது எழுதிக் கொடுத்து ஜமீன்தார் ஆக்கியது. காளஹஸ்தி ஜமீன் தாமர்லா வம்சம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸ் என்ற மணல்மேட்டை எழுதிக் கொடுத்த அதே தாமர்லா. சென்னப்பட்டணத்துக்குப் பேர் கொடுத்த சென்னப்ப நாயக்கர் அந்தக் குடும்பம்தான்.

இந்த மாதிரி பெரிய ஜமீன்களில் சொத்தைப் பிரிக்க முடியாது. மூத்த பிள்ளைக்கு மொத்தமும். தம்பிகளுக்கு ஜீவனாம்சம். பெண்ணுக்குச் சீர். 1904-ல் இதற்கென்றே சென்னை ராஜதானியில் 'பிரிக்க முடியாத ஜமீன்கள்' சட்டம் போட்டார்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து இந்த விளையாட்டுக்கு மணி அடித்தது. ஆனால் அந்த 1802 சன்னதுகள் கொடுக்கப்பட்டபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் யார் தெரியுமோ? எட்வர்ட் கிளைவ். ஸ்கூல் புஸ்தகத்தில் வருகிற ராபர்ட் கிளைவின் மூத்த மகன்.

நம்ம ஊர் ஜமீன்தாருக்கு மூத்த பிள்ளைச் சட்டம் போட்டவர்கள் வீட்டில் என்ன சட்டம்? கிளைவ் வீட்டு வாரிசுச் சான்றிதழில் எத்தனை வரி? இந்த அரிப்பு வந்ததும் நண்பனை மனுவோடு விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் சென்னை வந்தேன். ஜார்ஜ் கோட்டை.

கோட்டைக்குள் செக்ரடேரியட்டுக்கு மனுவோடு போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போனால் கிளைவ் ஹவுஸ் என்கிற பழைய மாளிகை இருக்கிறது. தொல்லியல் துறை ஆபீஸ். அதையும் தாண்டினால் செயிண்ட் மேரீஸ் சர்ச். 1680-ல் கட்டி முடித்தது. சூயஸுக்குக் கிழக்கே ஆங்கிலேயர் கட்டிய சர்ச்சுகளில் மிகப் பழையது என்பார்கள். உள்ளே ஏ.ஸி. இல்லாமலே ஜில்லென்று இருக்கும். குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையைக் கனமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டைக்கு ராபர்ட் கிளைவ் 1744-ல் வந்தபோது அவருக்கு 18 வயது. உத்தியோகம், 'ரைட்டர்'. தமிழில் சொன்னால் குமாஸ்தா. துணி மூட்டை எண்ணுவது, லெட்ஜரில் ஏற்றுவது. அடிப்படைச் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். (மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு!) கடன், ஊர் நினைப்பு, மேலதிகாரியோடு உரசல். பையன் துப்பாக்கியைத் தலையில் வைத்து இரண்டு தரம் அழுத்தியும் வெடிக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவர்கள் நம்புவார்கள்.

1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். குமாஸ்தா ஹீரோ ஆனார். 1753 பிப்ரவரி 18, இதே செயிண்ட் மேரீஸ் சர்ச்சில் மார்கரெட் மாஸ்கெலினைக் கல்யாணம் பண்ணிக் கொண்டார். 1757-ல் பிளாஸி. அதற்கப்புறம் வங்காளத்தில் அள்ளிய பணத்தைப் பற்றி எழுதினால் இந்த இதழ் பூரா போதாது.

பணம் வந்தால் அடுத்து என்ன? பட்டம். 1762-ல் 'பிளாஸியின் பாரன் கிளைவ்' ஆனார். இங்கேதான் ஒரு தமாஷ். அது அயர்லாந்துப் பட்டம். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் உட்கார அதை வைத்துக் கொண்டு முடியாது. 'லார்டு' என்று கூப்பிடலாம், நாற்காலி கிடையாது. பிரமோஷன் லெட்டரில் டெசிக்னேஷன் மட்டும் மாற்றி இன்க்ரிமெண்ட் போடாமல் விடுவார்களே, அது! அயர்லாந்துப் பட்டத்துக்கு அயர்லாந்தில் ஊர் வேண்டுமே? அங்கே நிலம் வாங்கி அதற்குப் பிளாஸி என்று பெயர் வைத்துக் கொண்டார். வங்காளத்து மாந்தோப்பு ஒன்று, கிளேர் கவுண்டி வழியாக, ஒரு குமாஸ்தாவின் இன்ஷியல் ஆயிற்று. அசல் இங்கிலாந்துப் பட்டம் கிடைக்காத வருத்தத்தோடேயே 1774 நவம்பர் 22-ல் இறந்தார்.

அதே சர்ச்சில் இன்னொரு லார்டும் இருக்கிறார். ஜார்ஜ் பிகட். சென்னை கவர்னர். அவருக்கும் 1766-ல் அயர்லாந்து பாரன் பட்டம். தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த சொந்த ஆபீஸ்காரர்களே கூட்டம் சேர்ந்து, 1776 ஆகஸ்டில் கவர்னரையே அரெஸ்ட் பண்ணி விட்டார்கள். ஆபீஸ் பாலிடிக்ஸ் என்றால் இதுதான் ஆபீஸ் பாலிடிக்ஸ். 1777 மே 11, காவலிலேயே உயிர் போயிற்று. வெறுமனே 'நினைவாக' என்று மட்டும் லத்தீனில் வெட்டிய ஒரு கல்லைக் காட்டி, அதுதான் பிகட் என்கிறார்கள். கல்யாணத்துக்கு வெளியே அவருக்குப் பிள்ளைகள் உண்டு. பட்டத்துக்கு அவர்கள் வாரிசு ஆக முடியாது. தம்பிக்கும் பாரன் பட்டம் போகவில்லை. அதற்குக் கீழே இருந்த பாரனெட் பட்டம் மட்டும்தான் போயிற்று. பாரன் பட்டம் அவரோடு சமாதி.

ஏன் அப்படி? பட்டம் கொடுக்கும்போது ராஜா ஒரு பத்திரம் கொடுக்கிறார். அந்தப் பட்டம் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் 'முறையாகப் பிறந்த ஆண் வாரிசு, அவனுடைய ஆண் வாரிசு' என்றுதான். உயில் எழுதி மாற்ற முடியாது. தத்து எடுத்தால் செல்லாது. விற்க முடியாது. மகன் இல்லையா, தம்பி, சித்தப்பா மகன், கொள்ளுத் தாத்தாவின் இன்னொரு கிளை என்று மரத்தில் ஏறி இறங்கி ஆண் ஒருத்தனைத் தேடுவார்கள். ஆனால் முதன்முதலில் பட்டம் வாங்கியவருக்கு மேலே ஏற மாட்டார்கள். பிகட்டின் தம்பி, முதல்வரின் தம்பி. முதல்வரின் சந்ததி இல்லை. கணக்கு முடிந்தது.

கிளைவுக்கு எட்வர்ட் இருந்தார். 20 வயதில் இரண்டாவது பாரன் கிளைவ். அப்பா அளவுக்குக் கெட்டிக்காரர் இல்லை, அப்பா அளவுக்கு ஆட்டமும் போடவில்லை. 1798-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அவர் இருந்த ஐந்து வருஷத்தைப் பாருங்கள்: 1799 மே, திப்பு வீழ்ச்சி. 1799 அக்டோபர், கயத்தாறில் கட்டபொம்மன். 1801 அக்டோபர், திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். எல்லாமே இந்த அமைதியான மனிதர் நாற்காலியில் இருந்தபோது. கொடிபிடித்துச் சண்டை போட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியும், கோட்டையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் பெயர் தெரியாது.

திப்புவை ஜெயித்ததைக் கொண்டாட அவர் ஒரு விருந்து மண்டபம் கட்டினார். கோல்டிங்ஹாம் என்கிற விஞ்ஞானி-எஞ்சினியர் டிசைன். 1802-ல் முடிந்தது. கோட்டையிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் நடக்கிற தூரம்தான், போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த இடம். இன்றைக்கு அதன் பேர் ராஜாஜி ஹால். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். உடல் வைக்கப்பட்டிருந்ததும், தலைமாட்டில் ஜெயலலிதா நின்றதும் அங்கேதான். 2016-ல் அவரும், 2018-ல் கலைஞரும் கடைசியாக மக்களைப் பார்த்ததும் அங்கேதான். கிளைவின் வாரிசு கட்டிய படிக்கட்டில்தான் தமிழ்நாட்டின் பெரிய வாரிசுச் சண்டை ஒன்று தொடங்கியது என்பது சரித்திரம் நமக்கு அடித்த ஜோக்.

எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா. வேல்ஸ் தேசத்துப் பொவிஸ் கோட்டைப் பெண். பழைய ஹெர்பர்ட் வம்சம். இந்தம்மா 1800-ல் கணவரைச் சென்னையிலேயே விட்டுவிட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக் கொண்டு, மைசூர், கோயமுத்தூர், தஞ்சாவூர் என்று ஏழு மாசம் டூர் அடித்தார். பன்னிரண்டு வயதுச் சின்ன மகள் சார்லட் டைரி எழுதினாள். அந்தச் சிறுமியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருவாள்.

1801-ல் ஹென்ரியட்டாவின் அண்ணன், அப்போதைய எர்ல் ஆஃப் பொவிஸ், கல்யாணமாகாமலே இறந்து போனார். கூடப் பிறந்தவள் ஹென்ரியட்டா. நம் ஊத்துக்கோட்டைப் பெரியவர் மனுவில் அவள் பெயருக்கு ஒரு வரி உண்டு. அங்கே? பெண்ணுக்கு எர்ல் பட்டம் இறங்காது. பட்டம் காலி. மூன்று வருஷம் கழித்து, 1804-ல், அதே பட்டத்தைப் புதிதாகச் செய்து எட்வர்ட் கிளைவுக்குக் கொடுத்தார்கள். தங்கைக்குக் கிடையாது, மாப்பிள்ளைக்கு உண்டு! எஸ்டேட் ஹென்ரியட்டாவின் மகனுக்கு, தாய்மாமன் சொத்தாக வந்தது; கண்டிஷன், அம்மா வீட்டுப் பேரை வைத்துக் கொள்ள வேண்டும். 1807-ல் பையன் கிளைவ் என்ற பேரை விட்டு ஹெர்பர்ட் ஆனான். உலகமே நடுங்கிய பேர், ஐம்பது வருஷத்தில் குடும்பப் பேராக இல்லாமல் போயிற்று. பட்டமாக மட்டும் ஒட்டிக் கொண்டிருக்கிறது: பொவிஸ் எர்லின் மூத்த மகனை இன்றைக்கும் மரியாதைக்கு 'வைகவுண்ட் கிளைவ்' என்கிறார்கள். எட்வர்டோ ரிட்டயர் ஆகி, ஏறக்குறைய எண்பது வயதிலும் காலை ஆறு மணிக்குச் சட்டையோடு தோட்டம் கொத்திக் கொண்டிருந்தாராம். 1839-ல் இறந்தார்.

அடுத்தவர் கதை சோகம். இரண்டாவது எர்ல் 1848 ஜனவரியில் பறவை வேட்டைக்குப் போனபோது, சொந்த மகன் ஒருவனின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தார். தாத்தாவுக்கு வெடிக்காத துப்பாக்கி பேரனுக்கு வெடித்தது என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கும், எழுதிவிட்டேன். மூன்றாவது எர்ல் கல்யாணமே பண்ணிக் கொள்ளவில்லை. தம்பி மகன் நான்காவது எர்ல் ஆனார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் 1916-ல் பிரான்ஸ் யுத்தத்தில் காயம்பட்டு இறந்தார். இளையவர் மெர்வின், விமானப் படையில் சேர்ந்து 1943-ல் விபத்தில் இறந்தார். மெர்வினுக்கு ஒரே பெண் குழந்தை. பெயர் டேவினா. ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

இந்தக் குழந்தையின் தலையில் இரண்டு சட்டங்கள் மோதின. மெர்வினுடைய அம்மா வழியில் 'டார்ஸி டி நெய்த்' என்று இன்னொரு பட்டம் இருந்தது. 1332-ல் ராஜா அனுப்பிய சம்மன் ஓலையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து ஓலைப் பட்டங்களில் மகன் இல்லாவிட்டால் மகளுக்கு இறங்கும். ஆகவே 1943-ல், அந்தக் குழந்தை பதினெட்டாவது பாரனஸ் ஆயிற்று. ஒன்பது வருஷம் கழித்துத் தாத்தா, நான்காவது எர்ல் இறந்தார். டேவினாவுக்கு 14 வயது. நேரடிப் பேத்தி. எர்ல் பட்டம் அவளைத் தாண்டிக் குதித்து, தூரத்துப் பங்காளி ஒருவரிடம் போயிற்று. கோட்டையையும் தாத்தா தேசிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். ஆறு நூற்றாண்டு பழைய சட்டம் பெண்ணை வாரிசு என்றது. நூற்றைம்பது வருஷத்துப் புதிய பத்திரம் இல்லை என்றது. பழசு என்றாலே பிற்போக்கு என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

அந்தப் பெண் லேசுப்பட்டவர் இல்லை. 1964-ல் கார் விபத்து. கணவர் போனார், இவர் சக்கர நாற்காலிக்கு வந்தார். பாராலிம்பிக்கில் கலந்து கொண்டு பதக்கம் வாங்கினார். பிரபுக்கள் சபைக்குள் சக்கர நாற்காலியோடு போய், ஊனமுற்றோருக்காக நாற்பது வருஷம் பேசினார். 1999-ல், பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் தவிர மற்ற எல்லோரையும் சபையிலிருந்து வெளியே அனுப்பியபோது, நிறுத்தி வைத்துக் கொண்ட 92 பேரில் இவரும் ஒருவர். 2008-ல் இறந்தார். எர்ல் பட்டம் கிடைத்த பங்காளிகளை எனக்கு அவ்வளவாக நினைவில் வைத்துக் கொள்ள முடியவில்லை. இப்போது இருப்பவர் எட்டாவது எர்ல். அந்த 92 பேரையும் அனுப்பிவிட 2024-ல் மசோதா கொண்டு வந்தார்கள். ராஜா குடும்பத்தில்கூட மூத்தது பெண்ணானாலும் அதுவே வாரிசு என்று 2013-ல் சட்டம் போட்டாயிற்று. எர்ல்களுக்கு மட்டும் மாற்றவில்லை.

பொவிஸ் கோட்டையில் இப்போது ஒரு மியூசியம் இருக்கிறது. திப்புவின் கூடாரம், சிம்மாசனத்திலிருந்து பிடுங்கிய தங்கப் புலித்தலை, எல்லாம் அங்கே. எங்கெங்கோ எடுத்ததை ஒரே இடத்தில் ஒழுங்காக அடுக்கி, துடைத்து, டிக்கெட் போட்டிருக்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டர் சுத்தம். பர்ச்சேஸ் பில்தான் கிடையாது.

நம்மவர் யாருக்கும் இந்தப் பரம்பரை லார்டு பட்டம் கிடைத்ததில்லையா? ஒரே ஒருவருக்கு. வங்காளத்து வக்கீல் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. 1919-ல் 'ராய்ப்பூரின் பாரன் சின்ஹா' ஆனார் (பீர்பூம் ஜில்லா ராய்ப்பூர்). 1928-ல் அவர் இறந்தார். மகன் அருண்குமார் போய், 'நான் வாரிசு, நாற்காலி கொடுங்கள்' என்றார். உடனே சான்றிதழ் பிரச்சினை. பிறந்ததற்குப் பதிவு எங்கே? உங்கள் அப்பா கல்யாணம் பண்ணிக் கொண்டது இந்து முறையில். அதில் இரண்டாம் தாரம் கட்டலாமே, அது எங்கள் சட்டப்படி கல்யாணமா? அப்பா பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர், ஒரே மனைவிதான், வேறு தாரம் கட்டவே இல்லை என்று எடுத்துச் சொல்லி, சபைக் கமிட்டி ஒப்புக் கொண்டது எப்போது தெரியுமா? 1939-ல். பதினோரு வருஷம்! வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு மாசம் ஆகிறது என்று அலுத்துக் கொள்கிறவர்கள் லார்டு சின்ஹாவை நினைத்துக் கொள்ளவும்.

ராஜாஜி ஹாலிலிருந்து ஆட்டோ பிடித்து ராயப்பேட்டை வந்தேன். பாரதி சாலை. பழைய ஆட்களுக்குப் பைகிராஃப்ட்ஸ் ரோடு. அங்கே பெரிய வாசல், உள்ளே தோட்டம், சிவப்பு மாளிகை. அமீர் மஹால். தமிழ்நாட்டில் இங்கிலாந்து ராணி பத்திரம் எழுதிக் கொடுத்த பரம்பரைப் பட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருப்பது இந்தக் காம்பவுண்டுக்குள்தான். ஆற்காட்டு இளவரசர்.

கதை மறுபடியும் எட்வர்ட் கிளைவிடம் போகிறது. 1801 ஜூலை 15-ஆம் தேதி நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். மகன் அலி ஹுசேன் இருந்தார். ராஜ்ஜியத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடு, பட்டத்தை வைத்துக் கொள் என்றார்கள். பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். நம் சட்டப்படி அவன்தான் வாரிசு. கம்பெனி சட்டப்படி, கையெழுத்துப் போடுகிறவன் வாரிசு! நவாபின் தம்பி மகன் அஸீம்-உத்-தௌலாவைக் கொண்டு வந்தார்கள். அவர் போட்டார். ஜூலை 31. பதினாறே நாள். வேலூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று கர்நாடகம் முழுக்க ஒரே கையெழுத்தில் கைமாறியது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு.

1855-ல் குலாம் கௌஸ் கான் பிள்ளை இல்லாமல் இறந்தார். சித்தப்பா அஸீம் ஜா வந்து நின்றார். டல்ஹௌசி காலம். வாரிசு இல்லையென்றால் வரவு சர்க்காருக்கு. பட்டமும் போயிற்று, சேப்பாக்கம் அரண்மனையும் கடனுக்கு ஏலத்தில் போய் சர்க்காரே எடுத்துக் கொண்டது. அஸீம் ஜா விடவில்லை. மனு, மனு, லண்டனுக்கு மனு. பன்னிரண்டு வருஷம். கடைசியில் 1867-ல் விக்டோரியா ராணி இறங்கி வந்து, 'நவாப் என்ற பட்டம் இல்லை. ஆற்காட்டு இளவரசர் என்று வைத்துக் கொள்' என்று பத்திரம் கொடுத்தார். பரம்பரைக்கும் பென்ஷன்.

இங்கே அந்த டைரி எழுதிய சிறுமி வருகிறாள். கிளைவின் பேத்தி சார்லட் பெரியவளாகி, நார்தம்பர்லண்ட் கோமகளாகி, 1831-ல் ஒரு பன்னிரண்டு வயது இளவரசிக்கு அதிகாரபூர்வ ஆசிரியை ஆனாள். அந்த இளவரசிதான் விக்டோரியா. அப்பா எடுத்ததில் ஒரு துளியை மகளின் மாணவி திருப்பிக் கொடுத்தாள் என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், எடுத்தது ஒரு ராஜ்ஜியம், கொடுத்தது ஒரு லெட்டர்ஹெட்.

1971-ல் இந்திரா காந்தி மன்னர் மானியத்தை ஒழித்தபோது மைசூர், புதுக்கோட்டை எல்லாம் ஒரே நாளில் சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள். ஆற்காடு தப்பித்தது. காரணம், அந்தச் சட்டம் நாட்டை ஆண்டு இந்தியாவோடு சேர்த்தவர்களுக்கு. ஆற்காட்டிடம் 1947-ல் சேர்ப்பதற்கு நாடே இல்லை. அதைத்தான் 1801-லேயே வாங்கியாயிற்றே! எல்லாம் இழந்தவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லாததால் பட்டம் மிச்சம். எட்டாவது இளவரசர் நவாப் முகமது அப்துல் அலி. மாநிலத்தில் காபினெட் மந்திரிக்குச் சமமான மரியாதை. குடியரசில் இது எதற்கு என்று கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. இந்த வரிசையிலும் முதல்வரிலிருந்து எட்டாமவர் வரைக்கும் ஒரு பெண் பெயர் கிடையாது.

இந்தச் சட்ட விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக் கொள்வேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்துவிட்டது. டெல்லிக்கு அது 2005-ல்தான் தோன்றியது. அண்ணன்கள் பேனா மூடும்வரை இழுக்கிறார்கள் என்பது வேறு.

அமீர் மஹாலுக்கு வெளியே அதே பாரதி சாலையில் திருவல்லிக்கேணிப் பக்கமாக நடந்தால் பிளாட்பாரம் பூரா பழைய புஸ்தகக் கடைகள். பிரிட்டிஷ் பிரபுக்களின் வம்சாவளிகளைத் தலையணை சைஸில் அச்சடித்திருப்பார்களே, அது ஏதாவது சிக்குமா என்று ஒரு கடையில் விசாரித்தேன்.

"லார்டுங்க எல்லாம் எந்தப் பொண்ணைக் கட்னாங்க, யாரு மூத்தவன்னு போட்டிருக்கும்..."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை உருவி நீட்டினார்.

"அதெல்லாம் வர்றதில்ல சார். உங்களுக்கு இது வேணா யூஸ் ஆகும்."

பி.காம்., இரண்டாம் ஆண்டு, கம்பெனி அக்கவுண்ட்ஸ். விடைகளுடன்.

நாற்பது ரூபாய் சொன்னார். முப்பதுக்குக் கேட்டேன்.